பாலிக் புலாவ் டுரியான் மலைகளில் கிராவல் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவின் மேற்குப் பக்கம், ஜார்ஜ்டவுனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும் பாலிக் புலாவ் வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டுவது பற்றி அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கிராவல் சைக்கிள் (சரளை, மண் பாதைகளுக்கும் ஏற்ற அகன்ற டயர் போட்ட, ரோடு சைக்கிள் போன்ற சைக்கிள்) வாங்கியவர்கள் முதலில் டயரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இந்த மலைகளில் டயரைவிட பிரேக்கும் கியரும் முக்கியம். அதைவிட முக்கியம், இந்தப் பாதைகள் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய தோட்டத்துப் பாதைகள் என்பது. பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் அடிப்படையாக வைத்தே எழுதப்பட்டவை.

பினாங்கில் கிராவல் பாதை என்று சொல்ல உண்மையில் என்ன இருக்கிறது?

நான்கு வகைத் தரைகள் இருக்கின்றன. ஒரே காலையில் நான்கிலும் ஓட்டி முடிக்கலாம்.

முதலாவது, கம்பத்துக்குள் (கிராமத்துக்குள்) வளைந்து போகும் ஒடுக்கமான தார் சாலை. இரண்டாவது, சுங்கை பூரோங் பக்கம் வயல்களுக்கும் கடலோரச் சதுப்புக்கும் இடையில் ஓடும் வெள்ளத்தடுப்புக் கரைகள். செம்மண்ணும் உடைகல்லும் போட்டிருக்கும். படங்களில் பார்க்கும் கிராவல் பாதைக்கு மிக நெருக்கமானவை இவைதான். மூன்றாவது, டுரியான் தோட்டங்களுக்குள் ஏறும் சிமெண்டுப் பாதை. மோட்டார் சைக்கிளில் கூடை கட்டிப் பழம் இறக்குவதற்காகப் போட்டது என்பதால் பல இடங்களில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிற அகலந்தான் இருக்கும். நான்காவது, சிமெண்டு முடிந்தபின் வரும் மலை மண். பினாங்கு மலைகள் கருங்கல் மலைகள். அந்தக் கல் உளுத்துப் பொடியாகி, பருமணலும் களியும் கலந்து கிடக்கும். காய்ந்திருந்தால் டயருக்கு நல்ல பிடி கிடைக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் மேலே களி வழுக்கும், அடியில் மணல் உருளும்.

மலைக்குள் போனால் தூரக்கணக்கில் அதிகம் வருவது மூன்றாவது வகை. கிராவல் என்ற பெயரை நம்பி முட்டு முட்டான டயர் போட்டு வருகிறவர்கள் கடைசியில் சிமெண்டில்தான் நேரம் கழிக்கிறார்கள்.

இத்தாலியின் திராட்சைத் தோட்ட மலைகளில் ஓட்டிய அதே அமைப்பு இங்கே போதுமா?

போதாது. டஸ்கனியில் 1997-இல் கையோலே இன் கியாந்தியில் தொடங்கிய லெரோய்கா ஓட்டமும், 2007 முதல் நடக்கும் ஸ்ட்ராடே பியாங்கே பந்தயமும் அங்குள்ள வெள்ளைச் சரளைச் சாலைகளுக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தன. அவை கார் போகிற அகலமுள்ள சாலைகள். குன்றுகள் உருண்டு திரண்டவை, ஏற்றம் கூடினாலும் சட்டென்று தணிந்து மூச்சுவிட இடம் கொடுக்கும். 30 மி.மீ. டயரில் பந்தயமே ஓட்டுகிறார்கள்.

இங்கே திராட்சை இல்லை. டுரியான், ஜாதிக்காய், கிராம்பு, ரம்புத்தான், மங்குஸ்தான் எல்லாம் ஒரே சரிவில் கலந்து நிற்கின்றன. ஜாதிக்காயையும் கிராம்பையும் கிழக்கிந்தியக் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கொண்டுவந்து நட்டது. 1860 வாக்கில் நோய் வந்து ஜாதித் தோட்டங்கள் அழிந்தன. பின்னர் சிறு தோட்டக்காரர்கள் திரும்ப நட்ட மரங்களின் வழியில் வந்ததே இன்றைய ஜாதிக்காய் பானமும் ஊறலும். சிறு தோட்டம் என்பதால் பாதையும் சிறிது. வளைத்து வளைத்துச் சரிவைக் குறைக்க நிலமும் இல்லை, பணமும் இல்லை. நேராக மேலே ஏற்றிவிட்டார்கள். 15 சதவீதச் சரிவு இங்கே சாதாரணம். 20-ஐத் தாண்டும் துண்டுகளும் உண்டு, அவற்றுக்கு நடுவில் சமதளம் கிடையாது. மரநிழல் விழுகிற இடமெல்லாம் பாசி பிடித்திருக்கும்.

எந்த கியர் வேண்டும்?

முன் பற்சக்கரத்தின் (இரண்டு இருந்தால் சிறியதின்) பல்லெண்ணிக்கையைப் பின்னால் உள்ள பெரிய பற்சக்கரத்தின் பல்லெண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். விடை 0.9-க்குக் கீழே இருக்க வேண்டும், 0.8-க்குக் கீழே போனால் இன்னும் நல்லது.

ஆள் 72 கிலோ, சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 13 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 40, பின்னால் 42 பல் என்றால் விகிதம் 0.95. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏழரை கி.மீ. 15 சதவீத ஏற்றத்தில் அதற்கு ஏறத்தாழ 275 வாட் தேவை. பயிற்சி உள்ளவரால் சில நிமிடம் தாக்குப்பிடிக்க முடியும். வெயிலில் அதுவும் கடினம். அதே 40 பல்லுக்குப் பின்னால் 51 பல் போட்டால் விகிதம் 0.78, வேகம் 6.2 கி.மீ., தேவை 230 வாட். 20 சதவீதத்தில் அந்த கியரிலேயே 300 வாட்டை ஒட்டிப் போய்விடும். அங்கே இறங்கித் தள்ளுவதில் தவறேதும் இல்லை.

ஷிமானோ நிறுவனத்தின் ஜிஆர்எக்ஸ் என்ற கிராவல் பாகங்களில், முன்னால் 46, 30 பல் இரட்டைச் சக்கரம் (46/30), பின்னால் 11 முதல் 34 பல் வரை (11-34) என்றால் கடைசி விகிதம் 0.88. இந்த மலைகளுக்கு அது போதும். ரோடு சைக்கிளின் 50/34-ஐயும் 11-30-ஐயும் அப்படியே வைத்திருப்பவர்கள் கரையோரப் பாதைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்; கேசட்டை (பின் பற்சக்கரத் தொகுதியை) 11-34 ஆக்கினால் கொஞ்சம் உதவும், ஆனால் விகிதம் 1.0-தான் வரும். கேசட்டை மாற்றினால் சங்கிலி நீளத்தையும் பாருங்கள். பெரிய சக்கரம் இரண்டிலும் சங்கிலி விழும்போது இறுகி நின்றால் டிரெய்லியர் (சங்கிலியை கியர் மாற்றும் கை) முறியும்.

டயர் அகலமும் காற்றும் எவ்வளவு?

40 முதல் 45 மி.மீ. வரை. நடுவில் வழுவழுப்பாகவும் ஓரத்தில் சிறு முட்டுகளோடும் இருக்கும் டயர் இங்கே நன்றாக உழைக்கும். உயர்ந்த முட்டுகள் ஈரச் சிமெண்டில் உதவாது: தரையைத் தொடும் ரப்பர் குறைவு, முட்டுகள் மடங்கும்.

72 கிலோ ஆளுக்கு டியூப்லெஸ் 40 மி.மீ. டயரில் முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ என்று தொடங்குங்கள். 45 என்றால் 24, 28. உள்ளே டியூப் இருந்தால் 5 முதல் 8 பிஎஸ்ஐ கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிமெண்டுப் பாதையின் குறுக்கே போகும் வடிகால் விளிம்பில் இடித்து டியூபில் இரட்டை ஓட்டை விழும். சீலண்ட் (டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்) 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி., 45-க்கு 80. நம் வெப்பத்தில் அது சீக்கிரம் காயும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வால்வு வழியாக 30 மி.லி. சேருங்கள். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கும்போது சலசலப்புக் கேட்கவில்லை என்றால் உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பிரேக் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வது ஏன்?

ஏறமுடியாதவர் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் பிரேக் விட்டுப்போனால் அந்த வசதி இல்லை. இந்தப் பாதைகளில் ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் மரக்கிளை மட்டத்துக்குக் கீழே இறங்கும் சரிவு.

85 கிலோ எடை 300 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 250 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். மெதுவாக இறங்கும்போது காற்றுத் தடை ஒன்றுமே செய்வதில்லை. முழுச் சூடும் இரண்டு பிரேக் தட்டுகளில் (டிஸ்க்) இறங்கும். பிசின் வகை பிரேக் கட்டைகள் இந்தச் சூட்டில் மேற்பரப்பு கெட்டித்து வழுவழுப்பாகிவிடும். அப்புறம் கைப்பிடியை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வரும், பிடி வராது. உலோகப் பொடி கலந்த கட்டைகள் சூட்டையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். உங்கள் தட்டில் "பிசின் கட்டை மட்டும்" என்ற குறிப்பு இருந்தால் தட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். மெல்லிய தட்டு உலோகக் கட்டையில் விரைவில் தேயும்.

புறப்படுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். கட்டையின் உராய்வுப் பகுதி 0.5 மி.மீ. ஆனதும் மாற்ற வேண்டும் என்பது ஷிமானோவின் அளவு. மலைக்குப் போவதற்கு 1 மி.மீ. ஆவது இருக்கட்டும். ஈர நாளில் கருங்கல் மணல் கட்டைக்கும் தட்டுக்கும் நடுவில் புகுந்து அரைக்கும், 0.5 மிச்சம் ஒரே காலையில் காணாமல் போகும். ஷிமானோ தட்டின் தடிமன் 1.5 மி.மீ.-க்குக் கீழே போயிருந்தால் அது குப்பைக்கு. கைப்பிடியை முழுப் பலத்தோடு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல ஹேண்டில்பாரை நோக்கி அமுங்கினால் எண்ணெய்க் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது.

கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். கட்டை தேயத் தேய அது தானாகச் சரிசெய்துகொள்ளாது. நீண்ட இறக்கத்தின் நடுவில் நின்று, கட்டையைத் தட்டுக்கு அருகே கொண்டுவரும் திருகை ஒன்றிரண்டு சொடுக்கு திருப்ப வேண்டியிருக்கும். அந்தத் திருகுக்கான ஆலன் சாவியைப் பையின் அடியில் புதைத்து வைக்காதீர்கள்.

இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடியே வருவதுதான் பலருடைய பழக்கம். தட்டு ஆற நேரமே கிடைக்காது. அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். சரிவு அதற்கு இடம் தராவிட்டால் நூறு மீட்டர் இறங்கியதும் நின்றுவிடுங்கள். சூடான தட்டின்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிக்கொள்ளும்.

சிமெண்டுப் பாதையில் விழுவது பெரும்பாலும் எப்படி நடக்கிறது?

மூன்று விதமாக.

பாசி முதல் காரணம். கறுப்பாகத் தெரிவது காய்ந்த பழைய பாசி, ஓரளவு பிடிக்கும். பளபளக்கும் கரும்பச்சையில் சக்கரத்தைத் திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. பாதையை உற்றுப் பார்த்தால் நடுவிலோ ஒரு ஓரமாகவோ வெளிறிய ஒரு கோடு ஓடும். தோட்டக்காரரின் மோட்டார் சைக்கிள் தினமும் போய்ப் பாசியைத் தேய்த்த தடம் அது. அதிலேயே போங்கள். சிமெண்டு ஈரமாக இருக்கும்போது குறுக்கே கோடு இழுத்துப் போட்டிருப்பார்கள், பிடிக்காக. அந்தக் கோடுகளுக்குள் பாசி நிரம்பியிருந்தால் கோடு இல்லாததாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விளிம்பு. மழை இரு பக்க மண்ணை அரித்துக்கொண்டு போவதால் சிமெண்டு பல இடங்களில் விரற்கடை உயரம் முதல் ஒரு சாண் உயரம் வரை துருத்தி நிற்கும். சக்கரம் வெளியே இறங்கிவிட்டால் ஓட்டியபடியே சாய்வாகத் திரும்ப ஏற முயல வேண்டாம். முன் டயர் விளிம்பை உரசியபடி ஓடும், ஆள் பக்கவாட்டில் விழுவார். நின்று, தூக்கி வைத்து, மறுபடி ஏறுங்கள்.

மூன்றாவது, உருளும் பொருள்கள். ஜாதிமரத்தடியில் பழங்கள் மஞ்சளாக வெடித்து, உள்ளே சிவந்த ஜாதிபத்திரி தெரியக் கிடக்கும். பார்க்க அழகு, சக்கரத்துக்கு அடியில் கோலிக்குண்டு. காய்ந்த மூங்கில் இலையும் ரம்புத்தான் தோலும் ஈரத்தில் அப்படியே.

செங்குத்தில் நின்றுவிட்டு மறுபடி ஏறுவதற்குச் சைக்கிளைப் பாதைக்குக் குறுக்கே திருப்பி வைத்து, மிகச் சிறிய கியரில், சீட்டின் முன்நுனியில் உட்கார்ந்து மிதித்துவிட்டுப் பிறகு மேல்நோக்கித் திருப்புங்கள். நேராக மேல்நோக்கிப் புறப்பட்டால் முன்சக்கரம் எழும்பும். காலணி விஷயத்தில், ரோடு சைக்கிளின் மூன்று துளைக் கிளீட்டோடு (காலணியை மிதியோடு பூட்டும் அடித்தகடு) வந்தால் தள்ளும்போது நீங்களே வழுக்கி விழுவீர்கள். இரண்டு துளைக் கிளீட் உள்ளே பதிந்த, அடியில் ரப்பர் பற்கள் உள்ள காலணிதான் சரி.

முதல் தடவை வருபவருக்கு எந்த வழி?

பாலிக் புலாவ் பட்டணத்தில் காரை நிறுத்திவிட்டு மேற்கே, கடலை நோக்கிப் போங்கள். சுங்கை பூரோங் வயல்வெளி, வாய்க்கால் கரைகள், அங்கிருந்து தெற்கே புலாவ் பெத்தோங் மீனவர் கம்பம், திரும்பப் பட்டணம். சுற்றி வந்தால் 25 கி.மீ. அளவில் இருக்கும், ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. புதுச் சைக்கிளின் காற்றழுத்தத்தைச் சரிபார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை: கரையில் 2 பிஎஸ்ஐ குறைத்தால் என்ன வித்தியாசம் என்று அங்கேயே தெரியும்.

நிழல் கிடையாது. பத்து மணிக்கு மேல் வயல்வெளி சுடும். கரைகளில் மழைக்குப் பிறகு லோரி போன பள்ளங்களில் தண்ணீர் நிற்கும்; ஆழம் தெரியாததால் ஓரமாகச் சுற்றிப் போங்கள். எருமை, மாடு, மீன்பிடிக்கிறவர்களின் மோட்டார் சைக்கிள் எல்லாம் அந்தக் கரையையே பயன்படுத்துகின்றன. மணி ஒன்று கட்டாயம்.

மலை வழி வேண்டும் என்றால்?

பாலிக் புலாவிலிருந்து வடக்கே சுங்கை பினாங் வழியாக தித்தி கெராவாங் அருவிப் பக்கம் ஏறி, தெலுக் பஹாங் அணைவரை இறங்கித் திரும்பும் சாலை நல்ல அடித்தளம். சாலை முழுக்கத் தார். இரு பக்கமும் தோட்டங்களுக்குள் கிளைபிரியும் சிமெண்டுப் பாதைகளே கிராவல் பகுதி. தார் சாலையில் ஏறும்போது உங்கள் கியர் எப்படி ஒத்துழைக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளைப்பாதைக்குள் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். வளைவுகள் குறுகியவை, சுற்றுலாக் கார்கள் நடுக்கோட்டைத் தாண்டி வரும். பின்விளக்கு பகலிலும் எரியட்டும்.

இந்தச் சாலை மண்சரிவுக்குப் பேர்போனது. 2017 நவம்பர் பெருமழையில் சேதமாகி நெடுநாள் மூடியிருந்தது. கனமழை பெய்த மறுநாள் இந்தப் பக்கம் வராதீர்கள்.

தெற்கே, பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு மலையைத் தாண்டி இறங்கும் ஜாலான் துன் சர்டோன் உடலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் வேலை நேரத்தில் வாகனங்கள் அதிகம். ஞாயிறு விடியலில் மட்டும் பரிந்துரைக்கிறோம். தீவை முழுக்கச் சுற்ற விரும்புகிறவர்களுக்குத் தார் சாலையில் ஏறத்தாழ 70 கி.மீ. ஆகும். அதில் கிராவல் பாதைகளைச் சேர்க்கும்போது ஒரு நாளில் முடிக்க ஆசைப்படாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் அணையும் பினாங்கு மலை ஜீப் பாதையும்?

கெக் லோக் சி கோயிலுக்கு மேலே, 1962-இல் கட்டி முடித்த அணைவரை ஏறும் சாலை குறுகிய தூரத்தில் கால்களைச் சோதித்துவிடும். காலை நடை போகிறவர்கள், முக்கியமாக வயதானவர்கள், அங்கே அதிகம். இறங்கும்போது நடைவேகத்துக்கு வாருங்கள்.

ஜீப் பாதை பூந்தோட்ட வாசலருகே, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சற்று அப்பால் தொடங்குகிறது. ஏறத்தாழ 5 கி.மீ. தூரத்தில் 650 மீட்டருக்கு மேல் ஏற்றம். சராசரியே 13 சதவீதம். மேலே குடியிருப்பவர்களின் வண்டிகளும் சரக்கு வண்டிகளும் போகும் பாதை. வாசலில் உள்ள அறிவிப்பில் சைக்கிளுக்கு என்ன விதி போட்டிருக்கிறதோ அதன்படி நடங்கள். தைப்பூச நாட்களில் தண்ணீர்மலைப் பக்கம் சாலைகள் அடைபடும். சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு வேலுக்குப் பின்னால் நடக்கலாம்.

டுரியான் பருவத்தில் போகலாமா?

கடலோரத்துக்குப் போகலாம். தோட்டப் பாதைகளுக்குப் போகக்கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பாலிக் புலாவில் பருவம் பொதுவாக மே கடைசியில் தொடங்கி ஆகஸ்டுவரை போகும். அங் ஹே, குன் போ போன்ற பினாங்கு ரகங்களை மரத்திலேயே பழுக்கவிட்டு, தானாக விழுந்ததைத்தான் எடுக்கிறார்கள். இரவும் விடியலும் பழம் பொறுக்கும் நேரம். நீங்கள் சைக்கிளில் வருகிற அதே நேரம். கீழே உருண்டு உடையாமல் இருக்க மரத்துக்கு மரம் வலை கட்டியிருப்பார்கள். சில இடங்களில் அது பாதைக்குக் குறுக்கே, கழுத்து உயரத்தில் தொங்கும். கூடை நிறைந்த மோட்டார் சைக்கிள் செங்குத்தில் இறங்கும்போது ஒதுங்க முடியாது, நிற்கவும் முடியாது. ஒரு கிலோ முதல் மூன்று கிலோவரை கனக்கும் முள்பழம் பத்து இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு எதிராக சைக்கிள் ஹெல்மெட் எதுவும் செய்யாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த இரண்டு மூன்று மாதந்தான் அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம். திருட்டுக்குப் பயந்து இரவெல்லாம் விழித்திருப்பவரின் தோட்டத்தில் விடியற்காலை டார்ச் வெளிச்சத்தோடு நுழைந்தால் அவர் என்ன நினைப்பார்? பாதையில் கிடக்கும் பழத்தை ஓரமாக நகர்த்திவைக்கக்கூடத் தொடாதீர்கள். சாப்பிட வேண்டும் என்றால் சாலையோரக் கடையில் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள்.

பருவம் இல்லாத மாதங்களிலும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தோட்டக்காரரைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி, கண்ணாடியைக் கழற்றி, "போலே லாலு, அங்கிள்?" (இந்த வழியே போகலாமா?) என்று கேளுங்கள். மலாய்ப் பெரியவர் என்றால் "பாக் சிக்". கையசைத்து விடுவார்கள், பெரும்பாலும் மேலே பாதை எங்கே முடிகிறது என்றும் சொல்வார்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். கதவோ சங்கிலியோ இருந்தால் அதுவே பதில். ஆறு பேருக்கு மேல் கூட்டமாகப் போவதும் சரியல்ல. ஒரு கூட்டம் கத்திக்கொண்டு இறங்கினால் அடுத்து வருகிற எல்லாருக்கும் சங்கிலி விழும்.

காட்டுப் பாதைகளுக்கு அனுமதி தேவையா?

தேவை. நிரந்தர வனக்காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். மாநில வனத்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். 2003-இல் அமைந்த தெலுக் பஹாங் தேசியப் பூங்காவின் பாதைகள் நடப்பவர்களுக்கானவை. பினாங்கு மலை 2021 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். அங்கே பாதை இல்லாத இடத்தில் புதுத் தடம் போடவே கூடாது. அணைகளைச் சுற்றியுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி வேலிகளும் அப்படித்தான்.

எந்த மாதம், எந்த நேரம்?

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தொடக்கம் சிறந்தது: மழை குறைவு, பாசி காய்ந்திருக்கும், டுரியான் பருவமும் இல்லை. செப்டம்பர் முதல் நவம்பர் நடுப்பகுதிவரை மழை உச்சம். அப்போது கடலோரம் மட்டும். ஏப்ரல், மே மாதங்களில் காலை தெளிவாக இருந்து மதியத்துக்கு மேல் இடி இறங்கும்.

இங்கே விடிவது ஏழேகாலை ஒட்டி. வெளிச்சம் வந்ததும் கிளம்பி பதினொரு மணிக்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். மரநிழலில் வெளிச்சம் இன்னும் தாமதமாக வரும். ஆறு மணிக்கே புறப்பட்டுப் பாசியைப் பார்க்காமல் ஏறுவதில் லாபம் இல்லை.

தண்ணீர், சாப்பாடு?

மணிக்கு 700 மி.லி. முதல் ஒரு லிட்டர்வரை. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரண்டாவது மணியில் தலை கனக்கும், பிறகு கெண்டைக்கால் பிடிக்கும். ஒரு லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்பும் மூன்று தேக்கரண்டி சீனியும் கொஞ்சம் எலுமிச்சையும் போதும். விலைகூடிய பொடி அவசியமில்லை. மலைக்குள் கடை இல்லை. பட்டணத்திலேயே இரண்டு போத்தலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் மலாய்க் கம்பத்து ஒட்டுக்கடைகள் பகலில் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காயம்பட்ட காலோடு அதில் இறங்கவும் செய்யாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியில்தான் வருகிறது.

முடித்துவிட்டு வந்தால் சந்தைப் பக்கம் பாலிக் புலாவ் லக்சா நூடுல்ஸும் ஜாதிக்காய் பானமும் கிடைக்கும்.

நாய் துரத்தினால்?

தோட்ட நாய் தன் எல்லைவரைதான் வரும். ஏற்றத்தில் அதை முந்த முடியாது, முயலவும் வேண்டாம். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, மெல்ல நடந்து கடந்துவிடுங்கள். கல் எடுக்காதீர்கள். குரங்குகள் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பை வெளியே தொங்கக்கூடாது.

பஞ்சர் எதனால் ஆகிறது, என்ன கொண்டுபோக வேண்டும்?

தோட்டத்தில் வலை கட்டிய கம்பித் துண்டு, மூங்கில் சிம்பு. தார் சாலையில் வெடித்த லோரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய எஃகுக் கம்பி. கம்பி ஓட்டையைச் சீலண்ட் அடைத்துவிடும். கம்பி உள்ளேயே இருந்தால் முதலில் பிடுங்காதீர்கள். ஓட்டையைக் கீழ்ப்பக்கம் திருப்பி, சீலண்ட் அங்கே தேங்கியபின் பிடுங்கி, உடனே பிளக் (ரப்பர் திரி) செருகுங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் பிளக் நிற்காது. பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டை உள்ளே வைத்து டியூப் போட வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை: ஒரு டியூப், டயர்த் துண்டு, பிளக் ஐந்து, கைப்பம்பு, உங்கள் வேக எண்ணுக்கு (பின் பற்சக்கரங்களின் எண்ணிக்கைக்கு) பொருந்திய சங்கிலி இணைப்பி, சங்கிலி உடைப்பான் உள்ள ஆலன் சாவித் தொகுதி, ஒரு ஜோடி பிரேக் கட்டை, டிரெய்லியர் ஹேங்கர் (டிரெய்லியரைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு). கடைசிச் சாமானைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழுக்கி வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான், ஒவ்வொரு சைக்கிளுக்கும் அதன் வடிவம் வேறு, பாலிக் புலாவில் கிடைக்காது.

கைப்பேசி வரைபடத்தை நம்பலாமா?

பாதை இருக்கிறதா என்பதற்கு நம்பலாம். எவ்வளவு செங்குத்து என்பதற்கு நம்பக்கூடாது. வரைபடங்களின் உயரத் தரவு பல மீட்டர் இடைவெளியில் சராசரி போட்டது, மர உச்சியையும் தரையாகக் கணக்கெடுக்கும். 22 சதவீதத் துண்டு 14 ஆகத் தெரியும். பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள். அவசரத்துக்கு 999. பாலிக் புலாவிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. மலைக்குத் தனியாகப் போக வேண்டாம். கீழே இருக்கும் ஒருவருக்கு எந்தப் பாதையில் ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குள் இறங்குவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து சைக்கிளோடு வரலாமா?

ஃபெரியில் வரலாம். பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. இறங்குதுறையிலிருந்து பாலிக் புலாவ் வரை ஓட்டியே வந்தால் மலையைத் தொடும் முன்பே கால் களைத்துவிடும், திரும்பும்போது நகர நெரிசல் வேறு. யாராவது காரில் ஏற்றிவந்தால் நல்லது.

ஓட்டி முடித்தபின் சைக்கிளுக்கு என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே கழுவுங்கள். கருங்கல் மணல் காய்ந்தபின் துணியால் துடைத்தால் பெயிண்டைக் கீறும். தண்ணீரை மெல்லிய ஓட்டத்தில் விட்டு முதலில் மணலை இறக்குங்கள். உயர் அழுத்தக் குழாயை அச்சுகளின் பக்கம் காட்டினால் கிரீஸ் வெளியேறி, தண்ணீர் உள்ளே போகும். சங்கிலியைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகு எண்ணெய் இடுங்கள். ஈரத்தின்மேல் இட்ட எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு பற்களை அரைக்கும். மெழுகு பூசிய சங்கிலியில் மணல் குறைவாக ஒட்டும், ஆனால் ஒரு மழையில் பூச்சு போய்விடும். திரும்பப் பூசப் பொறுமை உள்ளவர்களுக்கு அது. 11, 12 வேகச் சங்கிலியை நீட்சி 0.5 சதவீதம் காட்டியதும் மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் கேசட்டும் சேர்ந்து போகும், அதன் விலை சங்கிலியைப் போலப் பல மடங்கு. பிரேக் தட்டின் அருகே எண்ணெய்த் தெளிப்பானைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு துளி பட்டாலும் கட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும். தேய்த்தோ சூடாக்கியோ அதை மீட்க நினைக்காமல் புதுக் கட்டை போடுங்கள், தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். புதுக் கட்டை போட்டபின் சமதளத்தில் மிதமான வேகத்திலிருந்து இருபது தடவையாவது பிடித்துப் பிடித்து விட்டுப் பழக்கிய பிறகே அடுத்த முறை மலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.